ஸ்கோஃபீல்ட் ரெஃபரன்ஸ் பைபிள்: இஸ்ரவேல் வேறு, சபை வேறு என்னும் அடிக்குறிப்புகள் எவ்வளவு தூரம் தாங்கும்?

"இஸ்ரவேல் வேறு, சபை வேறு, இரண்டையும் குழப்பக் கூடாது" என்று ஒரு போதகர் ஆரம்பித்தால், அவர் கையில் இந்தப் புத்தகம் இல்லாவிட்டாலும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் கையில் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டில் பிரதரன் கூட்டங்களிலும் பல பெந்தெகொஸ்தே சபைகளிலும் ஏழு யுகங்களை வரைபடம் போட்டுப் போதிக்கும் வழக்கத்தில் இதன் கைரேகை தெளிவாகத் தெரியும். ஆகவே வாங்குகிறவர்கள் மட்டுமல்ல, வாங்காதவர்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சைரஸ் இங்கர்சன் ஸ்கோஃபீல்ட் (1843–1921) வழக்கறிஞராக இருந்து, பிறகு டல்லாஸில் சபைப் போதகர் ஆனவர். 1909ல் ஆக்ஸ்ஃபோர்ட் யுனிவர்சிட்டி பிரஸ் இந்தப் புத்தகத்தை வெளியிட்டது. 1917ல் அவரே திருத்தினார். அவர் மறைந்து 46 ஆண்டுகள் கழித்து, 1967ல், ஈ. ஷைலர் இங்கிலிஷ் தலைமையில் ஒரு குழு மறுபடியும் திருத்தியது. கருத்தின் மூலவர் ஸ்கோஃபீல்ட் அல்ல. பிரதரன் இயக்கத்தின் ஜான் நெல்சன் டார்பி (1800–1882) வகுத்ததை, செயின்ட் லூயிஸ் நகரப் போதகர் ஜேம்ஸ் புரூக்ஸ் வழியாக இவர் பெற்றுக்கொண்டார். ஆனால் டார்பியின் எழுத்தைப் பொறுமையாக வாசித்து முடித்தவர்கள் கொஞ்சம் பேர். ஸ்கோஃபீல்ட் அதையே வசனத்துக்கு நேர் கீழே, சட்டம் படித்தவருக்கே உரிய கச்சிதத்தோடு, நாலு வரியில் வைத்தார். இந்தப் புத்தகத்தின் பலமும் ஆபத்தும் அங்கேதான் இருக்கின்றன. வசனமும் குறிப்பும் ஒரே தாளில் இருப்பதால், கொஞ்ச நாளில் குறிப்பில் படித்ததையும் "பைபிளில் இருக்கிறது" என்று சொல்லத் தொடங்கிவிடுகிறோம்.

பக்க அமைப்பு இது: கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு இரண்டு பத்திகளில், நடுவில் ஒத்துவாக்கியப் பத்தி (தொடர்புள்ள மற்ற வசனங்களின் பட்டியல்), கீழே அடிக்குறிப்பு. நடுப் பத்தியில் உள்ள சங்கிலி முறை நன்றாகவே வேலை செய்கிறது. ஒரு பொருள் முதலில் வரும் வசனத்திலிருந்து அடுத்த வசனத்துக்கும், அதிலிருந்து அதற்கடுத்ததற்கும் கை பிடித்துக் கூட்டிப்போகும். கடைசிக் கண்ணியில் மொத்தச் சுருக்கம் இருக்கும். சுருக்கத்தை முதலில் படித்துவிட்டுப் பின்னோக்கி வந்தால் நேரம் மிச்சம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: எந்த வசனம் கண்ணியாக வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானித்தவர் ஸ்கோஃபீல்ட். "இஸ்ரவேல்" சங்கிலியில், இஸ்ரவேலுக்குரிய பெயர்களைச் சபைக்குச் சூட்டும் 1 பேதுரு 2:9 ஏன் கண்ணியாகவில்லை என்று கேட்டுப் பழகினால்தான் இந்த முறை நமக்கு உதவும்.

எல்லாவற்றுக்கும் ஆணிவேரான குறிப்பு மத்தேயு 16:18க்குக் கீழே இருக்கிறது. "என் சபையைக் கட்டுவேன்" என்பதில் வரும் எக்ளேசியா என்ற கிரேக்கச் சொல்லை அவர் பிரித்துக் காட்டுகிறார்: வெளியே அழைக்கப்பட்டவர்களின் கூட்டம். எபேசு ஊர்க்கூட்டத்துக்கும் (அப்போஸ்தலர் 19:39) இதே சொல்தான், வனாந்தரத்தில் கூடிய இஸ்ரவேலுக்கும் (அப்போஸ்தலர் 7:38) இதே சொல்தான் என்று நேர்மையாக ஒப்புக்கொள்கிறார். அதன் பிறகுதான் கோடு போடுகிறார். இஸ்ரவேலும் ஒரு மெய்யான "சபை"தான். ஆனால் புதிய ஏற்பாட்டுச் சபை எந்த வகையிலும் அல்ல. இரண்டும் அழைக்கப்பட்டவை, அழைத்தவர் ஒரே தேவன் என்பது மட்டுமே ஒற்றுமை, மற்றதெல்லாம் வேற்றுமை என்கிறார். நம் தமிழ் வேதாகமம் அப்போஸ்தலர் 7:38ல் "வனாந்தரத்திலுள்ள சபைக்குள்" என்று அதே "சபை"யைப் போட்டிருப்பதால் தமிழில் வாசிக்கிறவருக்கு இந்த இடம் உடனே உறுத்தும். உறுத்த வேண்டியதுதான். சொல் ஒன்றாக இருப்பதனால் பொருளும் ஒன்று என்று ஆகிவிடாது. அதுவரை ஸ்கோஃபீல்ட் சொல்வது சரி. "மற்றதெல்லாம் வேற்றுமை" என்பதுதான் பின்னால் பல இடங்களில் அவரையே மடக்குகிறது.

இந்தக் கோட்டைத் தாங்கும் சட்டகம் இரண்டு. ஒன்று, ஏழு யுகங்கள்: குற்றமின்மை, மனச்சாட்சி, மனித அரசாட்சி, வாக்குத்தத்தம், நியாயப்பிரமாணம், கிருபை, ராஜ்யம். இன்னொன்று, எட்டு உடன்படிக்கைகள்: ஏதேன், ஆதாம், நோவா, ஆபிரகாம், மோசே, பலஸ்தீன், தாவீது, புதியது. எபேசியர் 1:10ல் தமிழ் வேதாகமம் "நியமம்" என்று சொல்வதைத்தான் கிங் ஜேம்ஸ் "டிஸ்பென்சேஷன்" என்கிறது. தேவன் தம் வீட்டை நடத்தும் ஒழுங்கு என்பது அதன் அடிப்படைப் பொருள். ஸ்கோஃபீல்ட் அதைக் காலப்பகுதியாக, ஒவ்வொன்றிலும் மனிதன் சோதிக்கப்படும் காலப்பகுதியாக, வரையறுக்கிறார். வரைபடம் போட இது வசதிதான். ஆனால் "ஒழுங்கு" என்ற பொருள் பின்னுக்குப் போய், பெட்டி பெட்டியாக அடுக்கிய காலம் முன்னுக்கு வந்துவிடுகிறது.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும், அது நிறையவே இருக்கிறது.

பழைய கிங் ஜேம்ஸ் பதிப்புகளில் ஏசாயா 43க்கு மேலே "கர்த்தர் சபையைத் தமது வாக்குத்தத்தங்களால் தேற்றுகிறார்" என்ற பொருளில் தலைப்பு இருக்கும். கீழே வசனமோ "யாக்கோபே... இஸ்ரவேலே" என்று பெயர் சொல்லி அழைக்கிறது. ஆசீர்வாதம் வந்தால் அது சபைக்கு, சாபம் வந்தால் அது யூதருக்கு என்று தீர்க்கதரிசனங்களைப் பங்கு பிரிக்கும் பழக்கம் பல நூற்றாண்டுகள் ஓடியது. அதன் பலனை யூதர்கள் ஐரோப்பாவில் இரத்தத்தால் அனுபவித்தார்கள். ஸ்கோஃபீல்ட் அந்தப் பழக்கத்தை வெட்டினார். இஸ்ரவேல் என்றால் இஸ்ரவேல் என்று வாசிக்கச் சொன்னார். ரோமர் 11க்கு அவர் எழுதியதும் உறுதியானது: இஸ்ரவேல் என்றென்றைக்குமாகத் தள்ளப்படவில்லை என்பதே அந்த அதிகாரத்தின் பொருள் என்கிறார். "தேவனுடைய கிருபைவரங்களும், அவர் அழைத்த அழைப்பும் மாறாதவைகளே" (11:29) என்ற வசனத்தோடு இது ஒட்டிப் போகிறது. 1965ல் கத்தோலிக்கரின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூதர்களைப் பற்றிய தன் அறிக்கையில், புறஜாதியார் காட்டுக்கிளைகளாக ஒட்டவைக்கப்பட்ட இதே ரோமர் 11ன் ஒலிவமரத்துக்குத்தான் திரும்பி வந்தது. டார்பியின் பள்ளிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வசனமே அந்தப் பக்கம் இழுக்கிறது.

உபாகமம் 30க்கான "பலஸ்தீன் உடன்படிக்கை" குறிப்பும் கவனமாக வாசிக்கத் தக்கது. அதை ஏழு பகுதியாகப் பிரிக்கிறார்: கீழ்ப்படியாமையால் சிதறல் (வசனம் 1), சிதறியிருக்கும்போதே மனந்திரும்புதல் (2), கர்த்தரின் வருகை (3), தேசத்துக்குத் திரும்புதல் (5), தேசமாக மனம் மாறுதல் (6), ஒடுக்கியவர்கள்மேல் நியாயத்தீர்ப்பு (7), செழிப்பு (9). வரிசையைப் பாருங்கள். மனந்திரும்புதலும் கர்த்தரின் வருகையும் தேசத்துக்குத் திரும்புவதற்கு முன்னால் நிற்கின்றன. 1948ல் இஸ்ரேல் நாடு உருவானதை உபாகமம் 30ன் நிறைவேறுதல் என்று மேடையில் முழங்குகிறவர்கள் பலர் ஸ்கோஃபீல்டைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். இந்தக் குறிப்போ அவர்களுக்குச் சாதகமாகப் பேசவில்லை. இஸ்ரேல் அரசின் ஒவ்வொரு செயலுக்கும் வேத அங்கீகாரம் தேடுகிறவர்களுக்கு இந்த ஏழு வரிகளே நல்ல கடிவாளம். பெத்லெகேமிலும் நாசரேத்திலும் இன்றும் ஆராதிக்கிற அரபுக் கிறிஸ்தவர்களும் "சபை"தான் என்பதை இந்தக் கோட்டைப் போடுகிற எவரும் மறக்கலாகாது.

இனி, தாங்காத இடங்கள்.

மத்தேயு 6:12. "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." இதற்குக் கீழே குறிப்பு: இது நியாயப்பிரமாணத் தளம், எபேசியர் 4:32 கிருபைத் தளம். மத்தேயுவில் நாம் மன்னித்தால்தான் மன்னிப்பு. எபேசியரில் நமக்கு மன்னிப்புக் கிடைத்தாயிற்று, அதனால் மன்னிக்கிறோம். முதல் பார்வைக்கு அழகான வேறுபாடு. ஆனால் அதே மத்தேயுவில் 18:23 முதல் 35 வரை வாசியுங்கள். ராஜா முதலில் பதினாயிரம் தாலந்தை மன்னிக்கிறார். பிறகுதான் அந்த ஊழியக்காரன் நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான். கிருபை முதலில், எதிர்பார்ப்பு பின்னால்; எபேசியரின் வரிசை அப்படியே மத்தேயுவுக்குள்ளேயே இருக்கிறது. மலைப்பிரசங்கத்தை முதன்மையாக வரப்போகும் ராஜ்யத்தின் சட்டம் என்று ஒதுக்கியதன் விளைவுதான் இந்தக் குறிப்பு. இதை நம்பிய கூட்டங்களில் கர்த்தருடைய ஜெபத்தைச் சேர்ந்து சொல்வதே நின்றுபோனது. ஒரு அடிக்குறிப்பு ஒரு ஜெபத்தை நிறுத்த முடியும் என்பதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"பரலோகராஜ்யம்" வேறு, "தேவனுடைய ராஜ்யம்" வேறு என்று மத்தேயு 6:33க்குக் கீழே ஐந்து வேறுபாடுகள் பட்டியலிடுகிறார். முன்னது இஸ்ரவேலுக்கு வாக்களித்த தாவீதின் பூமிக்குரிய அரசு. பின்னது தேவனுக்குக் கீழ்ப்படியும் எல்லாரையும் உள்ளடக்கியது. சோதிக்க மத்தேயு 19:23–24 போதும். 23ல் ஐசுவரியவான் "பரலோகராஜ்யத்தில்" பிரவேசிப்பது அரிது. 24ல் அதே ஐசுவரியவான், அதே மூச்சில், "தேவனுடைய ராஜ்யத்தில்" பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது. இரண்டு ராஜ்யம் என்றால் ஒட்டகம் எந்த வாசலில் நிற்கிறது? மத்தேயு 13:11ஐ மாற்கு 4:11 பக்கத்தில் வைத்தாலும் இதே முடிவுதான். 1967 குழு இரண்டு சொற்றொடரும் பல இடங்களில் ஒரே பொருளில் வருகின்றன என்று ஒப்புக்கொண்டு குறிப்பைத் தளர்த்தியது. அந்த நேர்மைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நீண்ட நேரம் உட்கார்ந்து வாசிக்க வேண்டிய குறிப்பு அப்போஸ்தலர் 15:13க்கு உரியது. யுகங்களைப் புரிந்துகொள்ள, புதிய ஏற்பாட்டிலேயே மிக முக்கியமான பகுதி இதுதான் என்கிறார் ஸ்கோஃபீல்ட். அவர் வாசிப்பு: தேவன் இப்போது புறஜாதிகளிலிருந்து ஒரு ஜனத்தைத் தெரிந்துகொள்கிறார், அது சபை, "இதற்குப்பின்பு" கர்த்தர் திரும்பிவந்து தாவீதின் கூடாரத்தை எடுப்பிப்பார், அது இஸ்ரவேல். இரண்டு கட்டம், நடுவில் கோடு. ஆனால் அங்கே பேசுகிற எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபு ஆமோஸ் 9:11–12ஐ எதற்காக எடுக்கிறார்? எருசலேமில் அன்றைக்கு மேசைமேல் இருந்த வழக்கு ஒன்றுதான்: புறஜாதியார் விருத்தசேதனம் செய்ய வேண்டுமா? அந்த வழக்கைத் தீர்க்கத்தான் வசனம் எடுக்கப்படுகிறது. ஆமோஸ் சொல்வது முழுக்க, கிறிஸ்து திரும்பி வந்து பூமியில் நடத்தப்போகும் ஆயிரவருட அரசாட்சியைப் பற்றி என்றால், அன்றைய வழக்குக்கு அது சாட்சியாகாது. ஆமோஸில் இருப்பது "அந்நாளிலே". "இதற்குப்பின்பு" என்பது யாக்கோபின் மேற்கோளில்தான். அந்த ஒரு சொல்லின்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றுகிறார் ஸ்கோஃபீல்ட். தமிழ் மொழிபெயர்ப்பில் "சகல ஜாதிகளும் கர்த்தரைத் தேடும்படிக்கு" என்ற நோக்கம் முதலிலும் கூடாரம் எடுப்பிக்கப்படுவது பின்னாலும் வருவதால், புறஜாதியாரும் தாவீதின் வீடும் ஒரே வாக்கியத்தில் கட்டுண்டு கிடப்பது நமக்கு இன்னும் பளிச்சென்று தெரியும். தாவீதின் குமாரன் உயிர்த்தெழுந்தாயிற்று, அதனால் கூடாரம் எழும்பத் தொடங்கிவிட்டது, அதனால்தான் புறஜாதியார் வருகிறார்கள் என்று வாசித்தால் யாக்கோபின் வாதம் நிற்கிறது. இஸ்ரவேலுக்கு இன்னும் வரவேண்டியது ஒன்றும் இல்லை என்று அதிலிருந்து முடிவு கட்டவும் தேவையில்லை.

புதிய உடன்படிக்கையிலும் இதே நெருக்கடி. எரேமியா 31:31 அதை "இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும்" என்கிறது. எபிரெயர் 8 அதையே எடுத்தாள்கிறது. சபையோ திருவிருந்தில் அந்தப் புதிய உடன்படிக்கையின் பாத்திரத்தைத்தான் கையில் எடுக்கிறது. ஒற்றுமையே இல்லை என்றால் நாம் யாருடைய பாத்திரத்தில் பானம்பண்ணுகிறோம்? ஸ்கோஃபீல்டின் சீடரும் 1924ல் டல்லாஸில் வேதாகமக் கல்லூரியைத் தொடங்கியவருமான லூயிஸ் ஸ்பெரி சேஃபர், இஸ்ரவேலுக்கு ஒன்று, சபைக்கு ஒன்று என இரண்டு புதிய உடன்படிக்கைகள் என்று சொல்லிப் பார்த்தார். அந்த முகாமிலேயே அது நிலைக்கவில்லை. 1990களில் கிரெய்க் பிளெய்சிங், டாரல் பாக் போன்றவர்கள், உடன்படிக்கை ஒன்றுதான், சபை அதில் ஏற்கனவே பங்கு பெறுகிறது, இஸ்ரவேலுக்கான முழு நிறைவேறுதல் இன்னும் மீதி இருக்கிறது என்றார்கள். இந்தப் புத்தகத்தை வாசிக்கிறவர்கள் அந்தத் திருத்தத்தையும் கூடவே வைத்துக்கொள்வது நல்லது.

இஸ்ரவேலும் சபையும் ஒரே உடன்படிக்கைக்குள் அடங்கும் என்கிற மறுபக்கத்து விமர்சனமும் கடுமையானது. பிரெஸ்பிட்டேரியன் சபைகள் ஏற்கும் 17ஆம் நூற்றாண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, கிருபையின் உடன்படிக்கை சாரத்தில் ஒன்றுதான், காலத்துக்குக் காலம் நடத்தும் முறை மட்டுமே வேறு என்று சொல்கிறது. அமெரிக்காவின் தென் மாநில பிரெஸ்பிட்டேரியன் சபை 1944ல் இந்த யுகப் போதனை தன் விசுவாச அறிக்கையோடு பொருந்தாது என்று தீர்மானித்தது. மத்தேயு 6ஐயும் அப்போஸ்தலர் 15ஐயும் பொறுத்தவரை அவர்கள் பக்கமே நியாயம் அதிகம். ஆனால் அந்தப் பக்கத்தவரும் ரோமர் 11:25–26ல் வரும் "இஸ்ரவேல்" என்ற சொல்லைச் சபை என்று மாற்றி வாசிக்கும்போது சறுக்குகிறார்கள். 25ல் கடினப்பட்ட இஸ்ரவேல் யூத ஜனம் என்றால், அடுத்த வசனத்தில் மட்டும் அது எப்படி வேறாகும்?

கலாத்தியர் 6:16ஐத் தமிழில் மட்டும் படிக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "நடந்துவருகிறவர்களெவர்களோ அவர்கள்மேலும், தேவனுடைய இஸ்ரவேலர்மேலும்" என்று இரண்டு "உம்" போட்டிருக்கிறார்கள். கிரேக்கத்தில் உள்ள "காய்" என்ற சொல் "உம்" ஆகலாம், "அதாவது" என்றும் ஆகலாம். முதலாவது ஸ்கோஃபீல்ட் பக்கம். இரண்டாவது சபையே தேவனுடைய இஸ்ரவேல் என்கிறவர்கள் பக்கம். தமிழ் இலக்கணம் நமக்காக ஏற்கனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இந்த ஒரு வசனத்தை வைத்து யாரும் கட்டடம் எழுப்ப வேண்டாம்.

எசேக்கியேல் 38:2க்கான குறிப்பு இந்தப் புத்தகத்தின் மிகப் பலவீனமான இடம். அந்த வசனத்தில் வரும் மேசேக்கும் தூபாலும்தான் ரஷ்யாவின் மாஸ்கோவும் டோபோல்ஸ்கும் என்கிறார். வடக்கத்தி வல்லரசுகளையும் ரஷ்யாவையும்தான் இது குறிக்கிறது என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள் என்கிறார். எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு ஆதாரமும் இல்லை. மேசேக்கும் தூபாலும் இன்றைய துருக்கிப் பக்கத்து ஜனங்கள். போர்ச் செய்தி வரும்போதெல்லாம் இந்தக் குறிப்பு உயிர்த்தெழுந்து சபைகளை அலைக்கழிக்கிறது.

பயன்படுத்தும் முறை: போஸ்ட்கார்டு அளவில் ஒரு அட்டை வெட்டி வையுங்கள். பக்கத்தின் கீழ்ப்பகுதியை மூடிவிட்டு, அதிகாரம் முழுவதையும் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை வாசியுங்கள். யார் யாரிடம் பேசுகிறார், எந்தக் கேள்விக்குப் பதிலாக, என்று இரண்டு வரி எழுதுங்கள். அதன் பிறகு அட்டையை எடுங்கள். குறிப்பு நீங்கள் எழுதியதோடு மோதினால், அது மேற்கோள் காட்டும் வசனங்களை மட்டுமல்ல, காட்டாமல் விட்டதையும் ஒத்துவாக்கிய அகராதியில் தேடுங்கள். ரோமர் 11ல் ஒலிவமரம் ஒன்றுதான், இரண்டல்ல. முறிக்கப்பட்டவை கிளைகள், வேர் அல்ல. ஒட்டவைக்கப்பட்ட காட்டுக்கிளைக்கு "பெருமைபாராட்டாதே" என்ற கட்டளையும் உண்டு. எந்தக் குறிப்பையும் இந்த மரத்தின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் அதன் உயரம் தெரிந்துவிடும்.

எந்தப் பதிப்பு வாங்குவது? வரலாற்றைப் படிக்கிறவர்களுக்கு 1917. "ஓல்ட் ஸ்கோஃபீல்ட்" என்ற பெயரில் இன்றும் அச்சாகிறது. பழைய குறிப்புகள் இலவச பைபிள் மென்பொருள்களிலும் கிடைக்கின்றன. போதிப்பதற்கு என்றால் 1967 மேல். அதில் கிங் ஜேம்ஸின் வழக்கொழிந்த சொற்களை மாற்றி, மூலச் சொல்லை ஓரத்தில் கொடுத்திருக்கிறார்கள். பழைய புத்தகக் கடையில் முன்பக்கம் கிழிந்த பிரதி கையில் கிடைத்தால் யோவான் 1:17ஐத் திறந்து பாருங்கள். இரட்சிப்பின் நிபந்தனையாக நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்படிவது இனிச் சோதனை அல்ல, கிறிஸ்துவை ஏற்பதா மறுப்பதா என்பதே சோதனை என்ற பொருளில் இருந்தால் அது பழைய பதிப்பு. அப்படியானால் முற்காலத்தார் கிரியையால் இரட்சிக்கப்பட்டார்களா என்ற கேள்வியை, ஆபிரகாம் விசுவாசத்தால் நீதிமானாக எண்ணப்பட்டதைச் சொல்லும் ஆதியாகமம் 15:6க்கும் ரோமர் 4க்கும் எதிராக, கிளப்பிவிட்டது அந்த வரிதான். எந்த யுகத்திலும் இரட்சிப்பு கிருபையால் மட்டுமே என்று அதே இடத்தில் தெளிவாக்கியிருந்தால் அது 1967.